முகத்துக்கும் வரியா?

தலைக்கு வரி கேட்ட சமஸ்தானம் ஒன்று இருந்தது. திருவிதாங்கூர் என்பது அதன் திருநாமம்! பனையேறிப் பிழைத்தவனின் தலைக்கு ஒரு வரி. அவன் பனையில் சாத்திய ஏணிக்கு 'ஏணிக்காணம்' என்று இன்னொரு வரி. அந்தச் சமஸ்தானம் போயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. மன்னர் மானியமும் 1971இல் மாண்டது. தலைவரி தொலைந்தது என்று நிமிர்ந்து நடக்கும் மண்டைக்காட்டுத் தோழனிடம் இன்று ஒரு புதுச் சீட்டு நீட்டப்படுகிறது. தலைக்கு அல்ல, தலையின் முன்பக்கத்துக்கு. அவன் பெற்ற பிள்ளையின் முகத்துக்கு!

ஆம் தோழர்களே, பள்ளிக்கூடத்து போட்டோவைப் பற்றித்தான் பேசுகிறோம்.

"நாட்டில் பேசுவதற்கு வேறு பிரச்சினையா இல்லை? ஒரு படம், சில நூறு ரூபாய், இதற்கொரு கட்டுரையா?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களுக்குச் சில நூறு ரூபாய் என்பது உணவு விடுதியில் பரிமாறியவனுக்கு வைத்துவிட்டு வரும் சில்லறை. மணவாளக்குறிச்சிப் பக்கம் கூலிக்குப் போகிறவனுக்கும், குளச்சலில் பிறர் படகில் ஏறுகிறவனுக்கும், வாசலில் அமர்ந்து கயிறு திரிக்கும் தாய்க்கும் அது ஒரு நாளின் அடுப்பு.

கணக்குக்காகச் சொல்கிறோம். படம் ஒன்று 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இரண்டு என்றால் 300. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். வெயிலில் நின்று மண் சுமந்து அந்தத் தாய் வாங்கும் ஒரு நாட்கூலியில், படத்துக்குப் போக மிஞ்சுவது 36 ரூபாய்! அரிசி எங்கே? எண்ணெய் எங்கே?

மாதத்தையும் பாருங்கள். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை 31 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளிக்கூடம் திறப்பதோ அதே ஜூனில்! படகு கரையில் கிடக்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போகிறது. அடையாள அட்டைக்கு ஒரு படம், பதிவேட்டுக்கு ஒரு படம் என்று கேட்கத் தொடங்குவார்கள். ஆண்டு முடிவில், மாசிக் கொடைக்கு ஊர் கூடும் நாட்களையொட்டி, வகுப்புப் படம் வரும். தனிப்படம் ஒன்று, ஆண்டுவிழாப் படம் ஒன்று, பளபளக்கும் ஆல்பம் ஒன்று என்று அதன் பின்னே ஒரு பரிவாரமே வரும்.

வீட்டில் நடக்கும் உரையாடலைக் கேட்டிருக்கிறோம்.

"யம்மா, போட்டோவுக்க சக்கரம் நாளைக்குக் கொண்டு வரணும்னு டீச்சர் சொன்னாவ."

"அப்பா வரட்டும் மக்களே."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் பிள்ளை கேட்கவில்லை, சொல்கிறது. "எல்லாரும் குடுத்தாச்சும்மா. நானும் இன்னொரு பிள்ளையும்தான் பாக்கி."

'பாக்கி' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே! அட்டைக்கடனுக்கும் வட்டிக்கடனுக்கும் பெரியவர்கள் சுமக்கும் சொல் அது. ஒன்பது வயதுப் பிள்ளையின் நாவில் அதை ஏற்றிவைத்தது யார்? பிள்ளை என்ன கடன் வாங்கிற்று? பெஞ்சில் உட்கார் என்றார்கள், உட்கார்ந்தது. சிரி என்றார்கள், சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு விலைச்சீட்டு பிறகு வந்தது!

புதூர்க் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வள்ளம் கரையேறுகிறது. மீன் மணலில் கொட்டப்படுகிறது. ஏலக்காரர் கூவுகிறார். விலை ஏறுவதும் இறங்குவதும் எல்லார் காதிலும் விழுகிறது. கட்டுப்படியானால் எடுக்கலாம், இல்லையென்றால் விலகி நிற்கலாம், விலகியவனை எவரும் குறை சொல்வதில்லை. எழுத்தறியாதவன் நடத்தும் சந்தையில் இந்த நாணயம் இருக்கிறது. எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில்? முதலில் படம், பிறகு விலை. விற்பவர் ஒருவரே, வேறு கடை கிடையாது. பணம் வசூலிக்கும் ஆள், நம் வீட்டுப் பிள்ளை!

கேட்டால், "கட்டாயம் இல்லையே, விருப்பம் இருந்தால் வாங்கலாமே" என்கிறார்கள். விருப்பமாம், விருப்பம்! வகுப்பில் பெயர் வரிசையாக வாசிக்கப்படுகிறது. கொடுத்தவன் கை தூக்குகிறான். கொடுக்காதவன் தலை குனிகிறான். நாற்பது பேர் நடுவில் குனியும் தலைக்கு விருப்பம் என்று பெயர் வைத்தவரின் தமிழ்ப் புலமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

"அப்படியானால் வாங்காமல் இருந்துவிடுங்களேன்" என்பது அடுத்த வாதம். இங்கேதான் சற்று நின்று பேச விரும்புகிறோம். ஏழைக்கு அந்தப் படம் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்த மண்ணின் கதையை அறியாதவர்கள்.

1817ஆம் ஆண்டிலேயே கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய். ஏட்டில் எழுதிய எழுத்து அழகுதான். யாருடைய பிள்ளைகளுக்கு? அதைச் சொல்லவில்லை ஏடு, சொன்னது நாடு. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1910இல், பஞ்சமி என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார் அய்யன்காளி. அவள் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள்! அந்தத் தீயில் கரிந்ததென்று காட்டப்படும் பெஞ்ச் ஒன்றை இன்றும் அந்தப் பள்ளியில் காத்து வைத்திருக்கிறார்கள். மண்டைக்காடும் ஊரூட்டம்பலமும் அன்று ஒரே கொடியின் கீழ் இருந்த ஊர்கள்.

மார்பை மறைக்கும் உரிமைக்கே இந்த மண்ணின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் மன்னர் ஆணை இறங்கி வந்தது. அவர்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று சீருடை அணிந்து, இரட்டைச் சடை பின்னி, முதல் வரிசையில் நிற்கிறார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வழிவந்தோர் சிலை வைக்கவில்லை, கண்ணாடி வைத்தார்கள். வணங்க வந்தவன் தன் முகத்தையே அதில் கண்டான். கோயில் குளங்களில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால், உன் முகம் பார்க்கத் தகுந்த முகம்தான் என்று ஒடுக்கப்பட்டவனுக்குச் சொன்ன அந்தக் கண்ணாடிக்கு நாம் மதிப்புத் தருகிறோம்.

இன்னொன்றும் சொல்வோம், மறைப்பதற்கில்லை. 1982 மார்ச்சில் இதே மண்டைக்காட்டில் மதத்தின் பெயரால் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் அஞ்சினார்கள். நீதியரசர் வேணுகோபால் ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த ஊரின் வகுப்புப் படத்தை எடுத்துப் பாருங்கள். குருசடி வழியாக வந்தவனும், பகவதி கோயில் வழியாக வந்தவனும், பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்தவளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். இதைவிட நல்ல சாட்சி எந்த ஆணையத்துக்குக் கிடைக்கும்? அந்தப் படத்தில் நிற்பவனுக்கு அந்தப் படம் கிடைக்காது, அப்பன் கையில் காசில்லாததால் என்றால், போராடிப் பெற்ற பெஞ்சில் பாதியைத் திரும்பப் பிடுங்குவதாகாதா?

விலைக்குக் காரணம் சொல்வார்களே, அதையும் பார்த்துவிடுவோம். ஒரு காலத்தில் காரணம் இருந்தது. படச்சுருள் விலை, வெள்ளியுப்பு பூசிய தாளின் விலை, இருட்டறையில் கழுவும் மருந்தின் விலை. ஒரு 'கிளிக்' கெட்டால் ஒரு பிலிம் போயிற்று. வெளிநாட்டுச் சுருளை நம்பியிருக்க வேண்டாம் என்று 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் நம் உதகமண்டலத்தில் நிறுவப்பட்டது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் சுருள் வந்தது. அந்த ஆலை இன்று இல்லை. சுருளும் இல்லை, இருட்டறையும் இல்லை. நூறு முறை அழுத்தினாலும் கேமராவுக்குத் தேய்மானம்தான், சுருளுக்குச் செலவில்லை. கடைத்தெருவில் அஞ்சலட்டை அளவுப் படத்தை அச்சிட்டு வாங்கச் சில பத்து ரூபாய்க்குள் முடிகிறது. செலவு இறங்கிற்று; விலை மட்டும் ஏன் இறங்கவில்லை? சந்தை என்று ஒன்று இருந்தால்தானே இறங்கும்! பள்ளிக் கதவைச் சாத்திவிட்டு ஒருவரை மட்டும் உள்ளே விட்டால் அதற்குச் சந்தை என்றா பெயர்?

அமெரிக்காவில் இது பெருந்தொழில். 1936இல் மின்னசோட்டா மாநிலத்தில் இரண்டு பேர் தொடங்கிய பள்ளிப் படக் கம்பெனி, லைஃப்டச் என்று பெயர் மாறி, 2018இல் 82 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கைமாறியது. குழந்தைகளின் சிரிப்புக்கு வந்த விலை அது! 2024 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் அபாய்ன் என்ற ஊரில் இதைவிடக் கொடுமை நடந்தது. கூடுதல் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள் உள்ள வகுப்புப் படம் ஒன்று, அவர்கள் இல்லாத படம் ஒன்று, எது வேண்டுமோ தேர்ந்தெடுங்கள் என்று பெற்றோருக்கு அனுப்பினார்கள். ஊரே கொதித்தது. படமெடுத்த டெம்பஸ்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வாடிக்கையாளரின் விருப்பம் என்று போனால் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? பள்ளி முறையாக அறிவித்த கட்டணம் தவிர, நன்கொடை, பங்களிப்பு, வேறெந்தப் பெயரில் பணம் வாங்கினாலும் அது தலைக்கட்டணம் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது அதன் 13ஆம் பிரிவு. அதே 2009இல் தமிழ்நாடும் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் செய்தது. நீதியரசர் கோவிந்தராஜன் குழு 2010இல் கட்டணம் வகுத்தது. கட்டணத்தை வாசலில் பிடித்தார்கள். அது போட்டோ வேடம் போட்டுக்கொண்டு சன்னல் வழியே வருகிறது! அரசு புத்தகம் தருகிறது, சீருடை தருகிறது, பகலில் சோறும், 2022 முதல் தொடக்கப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் தருகிறது. இவ்வளவும் எதற்கு? பிள்ளைகளுக்கு நடுவே காசு வந்து நிற்கக் கூடாது என்பதற்கு. நடுவே வந்து நிற்கிறதே கேமராவின் மூன்று காலோடு!

ஸ்டுடியோக்காரர் மீது நமக்குப் பகை இல்லை. அவரும் நம்மைப் போல் உழைப்பாளிதான். கைப்பேசி வந்தபின் அவர் கடையில் ஈ ஓட்டுகிறார். வெயிலில் நின்று நாற்பது பிள்ளைகளை வரிசைப்படுத்துவது லேசான வேலை அல்ல. அதற்குரிய கூலி அவருக்குச் சேர வேண்டும். ஆசிரியர் மீதும் பகை இல்லை. பாடம் நடத்த வந்தவரைத் தண்டல்காரராக்கியதற்கு அவர் என்ன செய்வார்? 600 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், நாம் வைத்துக்கொண்ட 150 ரூபாய்க் கணக்குப்படி 90,000 ரூபாய் சேரும். அதில் அச்சுக்கு எவ்வளவு, ஸ்டுடியோக்காரரின் உழைப்புக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்குப் 'பங்கு' என்று போவது எவ்வளவு? பங்கே இல்லை என்றால் நல்லது. அதைத் தாளில் எழுதி ஒட்டுவதில் என்ன தயக்கம்?

அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். சட்டம் தந்த நாற்காலி அது; தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதற்கு அல்ல. அந்தக் குழுவில் இருக்கும் தோழர்களும் தாய்மார்களும் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேட்கட்டும். வகுப்புப் படம் எல்லாருக்கும் ஒரே அளவில், ஒரே படியாக, அச்சுக்கூலியும் எடுப்புக்கூலியும் மட்டும் சேர்ந்த விலையில் வரட்டும். கொடுக்க முடியாத பிள்ளையின் பங்கைப் பள்ளியோ பழைய மாணவர்களோ ஏற்கட்டும். யாருக்கு ஏற்றார்கள் என்பது வகுப்பில் தெரியக் கூடாது. பெயர் வாசிக்கும் வழக்கம் ஒழியட்டும். தனிப்படமும் ஆல்பமும் வேண்டுவோர் ஸ்டுடியோக் கடைக்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். பள்ளி அதற்குக் கடைவீதி ஆக வேண்டாம்.

ஒவ்வோர் ஆண்டுப் படத்திலும் ஒரு பிரதியைப் பள்ளிச் சுவரில் மாட்டி வைக்கட்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளில் கடல் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. வீடு போனால் வீட்டுச் சுவரில் மாட்டிய படமும் போகும். பள்ளிச் சுவரில் ஒன்று இருந்தால், தேடி வரும் தாய்க்கு அங்கே ஒரு முகம் இருக்கும்.

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், தனித்தனியே போய்த் தாளாளர் அறை வாசலில் நிற்க வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பத்துப் பேராகச் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். விலை என்ன, யார் எடுக்கிறார், பங்கு யாருக்கு என்ற மூன்றும் அச்சிட்ட தாள், கேமரா பள்ளி வாசலுக்கு வரும் முன்பே வீட்டுக்கு வர வேண்டும் என்று கேளுங்கள்.