சர்வர் ஓடினால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை மாலை நம் ஊர்ச் சாப்பாட்டை நாடிக் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போகாத தமிழர்கள் மும்பையில் குறைவு. மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும், வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டுப் பசியில் அழும் குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டு நிற்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஹோட்டல்காரருக்கும் இது கவலைதான். நின்று சலித்தவர் அடுத்த வாரம் வேறு கடை பார்த்துக்கொள்வார்.

எங்கள் புறநகர்ப் பகுதியில் நாலைந்து கிளைகளோடு நடக்கும் தென்னிந்திய ஹோட்டல் ஒன்று (பெயர் வேண்டாமே!) விரைவுச் சேவை தரப் போவதாகக் கிளம்பியது. முதல் காரியமாகச் சர்வர்களை ஓடச் சொன்னார்கள். கடைசி வாய் உள்ளே போகுமுன் தட்டு பறந்தது. கேட்காமலே காபியோடு பில்லும் வந்தது. மெதுவாக மென்று சாப்பிடும் பெரியவர்கள் பாதி இட்லியோடு எழுந்து போனதைப் பார்த்தேன். அங்கே வேலை செய்யும் திருநெல்வேலிப் பையன் ஒருவன், "கால் வலிதான் சார் மிச்சம், வரிசை குறையவே இல்லை" என்றான்.

ஏன் குறையவில்லை? முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் வேகன்களோடு குப்பை கொட்டியவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு சரக்கு வேகன் ஒருமுறை சரக்கேற்றிய பிறகு அடுத்த முறை சரக்கேற்றும் வரை ஆகும் காலத்தில், அது ஓடும் நேரம் கொஞ்சம். யார்டிலும் சரக்கு ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் நிற்கும் நேரமே அதிகம். இன்ஜினை விரட்டுவதைவிட நிற்கும் நேரத்தைக் குறைப்பதே லாபம்.

சாப்பாட்டு மேஜையும் ஒரு வேகன்தானே? நாலைந்து ஞாயிறுகள் கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்துப் பார்த்தேன். ஒரு குடும்பம் உட்கார்ந்து ஆர்டர் கொடுக்க 9 நிமிடம். பலகாரம் வர 14 நிமிடம். சாப்பிட 22 நிமிடம். பில் கேட்டு, பணம் கட்டி, மேஜை துடைத்து அடுத்தவர் உட்கார 13 நிமிடம். ஆக மொத்தம் 58 நிமிடம். இதில் வாய்க்கு வேலை வெறும் 22 நிமிடம்தான். ஹோட்டல்காரர் கை வைத்ததோ அந்த 22 நிமிடத்தில்!

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த எளிய விதி ஒன்று உண்டு. ஓர் இடத்துக்குள் இருப்போரின் சராசரி எண்ணிக்கை, அங்கே வருவோரின் வேகத்தை அவர்கள் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். இதன்படி 24 மேஜைகள் நிரம்பியிருக்க, ஒவ்வொரு குடும்பமும் 58 நிமிடம் இருந்தால், மணிக்குச் சுமார் 25 குடும்பங்கள் சாப்பிடலாம். யாரையும் விரட்டாமல், காத்திருப்பில் மட்டும் 14 நிமிடத்தைக் குறைத்துவிட்டால் மணிக்கு 32 குடும்பங்களுக்கு மேல் சாப்பிடலாம்.

அந்தப் 14 நிமிடத்தைக் குறைப்பது எப்படி? சமையலறையில் தோசைக் கல்லைப் பாருங்கள். ஒரு கல்லில் ஒரே நேரத்தில் ஆறு தோசை, ஓர் ஈட்டுக்கு நாலு நிமிடம் என்றால், மணிக்குத் தொண்ணூறு தோசைதான். சர்வர் ஓடினாலும் பறந்தாலும் தொண்ணூற்றொன்று வராது. நடுவே ரவா தோசை வந்துவிட்டால், ஒற்றைத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி புகுந்த கதைதான். அது மெதுவாக முறுகும்வரை பின்னால் வருவதெல்லாம் நிற்க வேண்டும். அதற்குத் தனிக் கல் போட்டால் பாதை திறந்துவிடும்.

இதையெல்லாம் முன்பே செய்து காட்டியவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்டு சகோதரர்கள் 1948இல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையையே சில மாதம் மூடினார்கள். பட்டியலை ஒன்பது அயிட்டங்களாகச் சுருக்கி, சமையலறையை மாற்றியமைத்துத் திறந்தார்கள். பின்னர் புதுக் கட்டடத்துக்காக டென்னிஸ் மைதானத்தில் சாக்குக்கட்டியால் சமையலறையை வரைந்து, ஊழியர்களை அதில் நடக்கவிட்டுப் பார்த்தார்களாம். ஆனால் கார்களுக்கே வந்து பரிமாறிய பெண்களுக்கு அந்த மாற்றத்தில் வேலை போயிற்று என்பதையும் மறக்கக் கூடாது. சில்லீஸ் என்ற அமெரிக்கக் குடும்ப உணவகம் 2013-14இல் மேஜைதோறும் சிறு திரைகளை வைத்து, சாப்பிடுபவரே பணம் கட்ட வழி செய்தது. அதுவும் நிற்கும் நேரத்தைக் குறைக்கும் வழியே.

என் கணக்குத் தாளை நம் ஹோட்டல் கிளை மேலாளரிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கினாலும் மனிதர் செய்து பார்த்தார். வாசலில் நிற்பவர் கையிலேயே மெனு அட்டை, ரவா தோசைக்குத் தனிக் கல், மேஜை துடைக்கத் தனி ஆள், மேஜையிலேயே யு.பி.ஐ. அட்டை. முக்கியமாக, கேட்காமல் பில் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். வரிசை மறைந்துவிடவில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. அந்தப் பையன் இப்போது நடந்துதான் பரிமாறுகிறான். மற்றக் கிளைகளில் இன்னும் ஓட்டம்தான்.

நம் பங்கும் உண்டு. உட்காருமுன்பே என்ன வேண்டுமென்று வீட்டாரோடு பேசி முடிவு செய்யலாம். காபியையும் சேர்த்தே சொல்லிவிடலாம். கை கழுவிய பின் ஊர்க்கதையை வாசலில் வைத்துக்கொள்ளலாம். பரிமாறும் பிள்ளையிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசலாம். அவனும் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவன்தான். ஆனால் சாப்பிடும் அந்த இருபத்திரண்டு நிமிடத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.