மூன்றாம் துளை

சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் பழைய வீடுகள் சிலவற்றில், மரப்பலகைமேல் பொருத்திய கறுப்பு நிறச் சுவிட்சுகளையும் இரண்டு துளைகளே உடைய சாக்கெட்டுகளையும் இன்றும் காணலாம். விளக்கும் மின்விசிறியும் மட்டுமே இயங்கிய காலத்தில் அவை போதுமானவையாக இருந்தன. இன்றோ குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன் ஆகியவையும் இயங்குகின்றன. எனவே, பழைய இணைப்புகளை மாற்றுவது அழகுக்காக அன்று, பாதுகாப்பிற்காகவே ஆகும்.

நம் நாட்டில் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வழங்கப்படுகிறது. வீட்டுச் சாக்கெட்டுகள் பொதுவாக 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இருவகைப்படும். 2000 வாட் கொதிகலன் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். அதனை 6 ஆம்பியர் சாக்கெட்டில் இணைத்தால், சாக்கெட் சூடேறி உருகும், தீப்பற்றவும் கூடும். ஆகவே, 16 ஆம்பியர் சாக்கெட்டைப் பொருத்துவதோடு, அதற்கேற்ற தடிமனுள்ள கம்பியையும் இழுத்தல் வேண்டும்.

மூன்று துளைச் சாக்கெட்டில் கீழுள்ள இரண்டும் மின்னோட்டம் வந்து திரும்புவதற்கு உரியவை. மேலுள்ள பெரிய துளை, பச்சை நிறப் புவித்தொடுப்புக் கம்பிக்கு உரியது. கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அது அக்கம்பி வழியே நிலத்திற்குச் செல்லும். அவ்வேளையில் மின்னோட்டம் மிகுவதால் மின்உருகி உருகி இணைப்பைத் துண்டிக்கும். கருவியைத் தொடுபவர் உயிர் தப்புவார்.

சிலர் செலவுக்கு அஞ்சிப் புதிய சாக்கெட்டைப் பொருத்திவிட்டு, மூன்றாம் துளையில் கம்பியை இணைக்காமல் விட்டுவிடுகின்றனர். இது பழைய சாக்கெட்டினும் தீங்கானது. இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்பச் செய்கிறது. கம்பி இருந்தாலும், கோடையில் மண் உலர்ந்தால் அதன் மின்தடை மிகும். அதனால்தான் புவித்தொடுப்புக் குழியில் கரியும் உப்பும் இட்டு நீர் ஊற்றுகின்றனர். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்துவது நலம்.

சுவிட்சை மின்முனைக் கம்பியிலேயே இணைத்தல் வேண்டும். நடுநிலைக் கம்பியில் இணைத்தால், விளக்கு அணைந்த பின்னும் அதன் தாங்கியில் மின்சாரம் இருக்கும். முதன்மைச் சுவிட்சை அணைத்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரே இதனைச் செய்தல் வேண்டும்.

பணி முடிந்ததும் புதிய சுவிட்சின் பளபளப்பைப் பார்த்து நிறைவடைதல் கூடாது. மூன்றாம் துளைக்குப் பின்னே கம்பி உள்ளதா, அது நிலத்தைச் சேர்கிறதா எனச் சோதித்துக் காட்டுமாறு கேட்பது வீட்டாரின் கடமையாகும்.