லிஸிக்கும் தங்கராஜுக்கும் நடுவே ஒரு பனைமர உயரம்!

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண் ஒருநாள் வயதுக்கு வருகிறாள். அன்றோடு படிப்பு நிற்கிறது. வாசலுக்கு வந்தால்கூட, 'உள்ளே போ' என்ற அதட்டல்தான். உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்.

வீட்டுக்குள் அடைபட்ட அந்தப் பெண்ணின் மனசுக்குள் என்ன நடந்தது என்பதை 1964-லேயே எழுதினார் ஹெப்சிபா ஜேசுதாசன். நாவலின் பெயர் 'புத்தம் வீடு'. பர்மாவில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆனால், முதல் நாவலில் அவர் பேசவிட்டது குமரி மாவட்டத்தின் கிராமத்துத் தமிழை!

நாஞ்சில் நாடு என்றதும் நமக்கு வயலும் குளமும்தான் நினைவுக்கு வரும். மாவட்டத்தின் மேற்கே போனால் பனைகளின் உலகம். காலையும் மாலையும் மரமேறி, பாளை சீவி, பதநீர் இறக்க வேண்டும். அங்கே அதற்கு 'அக்கானி' என்று பெயர். அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெண்களின் வேலை. மரம் ஒருவருக்குச் சொந்தம். உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவர் இன்னொருவர். கதையின் முடிச்சே இங்கேதான் விழுகிறது.

லிஸி, பனைவிளையில் ஒரு காலத்தில் ஓஹோவென்று வாழ்ந்த குடும்பத்துப் பெண். காசு கரைந்துவிட்டது, கௌரவம் மட்டும் கரையவில்லை. தங்கராஜ், பனையேறியின் மகன். இருவருக்கும் ஒரே சாதி, ஒரே மதம். ஆனாலும் நடுவே ஒரு பனைமர உயரம்!

லிஸிக்குத் துணை, சித்தப்பா மகள் லில்லி. லிஸியின் அப்பா குடியில் மூழ்கியவர். லில்லியின் அப்பாவோ வியாபாரத்தில் காசு பார்த்தவர். ஒரே வீட்டில் வளர்ந்தாலும், தகப்பன்களின் கையிருப்பு பெண்களின் தலையெழுத்தை எப்படி மாற்றுகிறது என்பதை ஹெப்சிபா அலட்டிக்கொள்ளாமல் காட்டியிருக்கிறார்.

பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு கொலை. பழி தங்கராஜ்மேல் விழுகிறது. அப்புறம் என்ன? நாவலை வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

லிஸி வீட்டைவிட்டு ஓடவில்லை. பெரியவர்களிடம் சண்டைக்கும் நிற்கவில்லை. ஆனால், தனக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அந்தத் தெளிவுதான் அவளுடைய பலம். தங்கராஜைக் காதலித்ததைவிட, தன்னைத் தானே கண்டுகொண்டதுதான் அவள் கதையில் பெரிய விஷயம்.

இன்று நம் பெண்கள் பூப்பெய்திய பின்னும் பள்ளிக்குப் போகிறார்கள், கல்லூரிக்கும் போகிறார்கள். ஆனாலும் 'அங்கே போகாதே, அவனோடு பேசாதே' என்று சொல்ல நம்மிடம் நூறு வாக்கியங்கள் இருக்கின்றன. குமரி மாவட்டத்தில் பிள்ளைகளை 'மக்களே' என்றுதான் வாஞ்சையோடு கூப்பிடுவார்கள்.

'உனக்கு என்ன வேணும் மக்களே?'

இந்த ஒரு வாக்கியத்தை இன்று ராத்திரி சாப்பாட்டின்போது உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்களேன். பதில் வர நேரமாகலாம். பொறுமையாகக் காத்திருங்கள்.