எந்தத் தலைப்பில் சேரும் இந்த மரணம்?

எண்களின் பின்னால் – 14

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்துபோனால் நம் ஊரில் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும் நாலு வரிச் செய்தி பெரும்பாலும் அந்தத் தகவலோடுதான் முடியும். முதலில் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகும். பெற்றோரின் வாக்குமூலமும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வந்த பிறகு பிரிவு மாறலாம். தற்கொலைக்குத் தூண்டியதாக மாறலாம், வரதட்சணை மரணமாக மாறலாம், கொலையாகவும் மாறலாம். விசாரணை அதிகாரி எந்தப் பிரிவைப் போடுகிறாரோ, அதற்குரிய அட்டவணையில் அந்தப் பெண் போய்ச் சேர்வாள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டறிக்கையில் கொலை வழக்குகள் 28,522. வரதட்சணை மரணங்கள் 6,450. இரண்டும் தனித்தனித் தலைப்புகள். இந்தியாவில் ஓராண்டில் எத்தனை கொலை என்று யாராவது கேட்டால் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள். சரி, இரண்டையும் கூட்டிவிடலாமே என்றால் அதுவும் தப்பு. 1986இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 304பி பிரிவு, தீக்காயம், உடற்காயம், இயல்புக்கு மாறான சூழல் என்று மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவும் அதே சங்கதிதான். கொடுமை தாங்காமல் தூக்கில் தொங்கியவளும், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தப்பட்டவளும் அந்த 6,450க்குள் ஒன்றாக இருக்கிறார்கள்.

ஒரு நாட்டுக்குள்ளேயே இவ்வளவு சிக்கல் என்றால், இருநூறு நாடுகளின் கணக்கை ஒரே மேசையில் வைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல். பிரான்ஸ் 1827இலேயே தன் நீதிமன்றங்களின் குற்றக் கணக்கை ஆண்டறிக்கையாக அச்சிட்டுவிட்டது. அந்த எண்களில் ஊறித் திளைத்தவர் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்லே. அவருடைய முயற்சியில் 1853இல் பிரஸ்ஸல்ஸில் சர்வதேசப் புள்ளியியல் மாநாடு கூடியபோதே, குற்றக் கணக்கை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவது பற்றிய பேச்சு வந்தது. காரியம் நகரவில்லை. ஒவ்வொரு நாடும் தன் சட்டப் புத்தகத்தின் பிரிவுகளை வைத்தே எண்ணியது. புத்தகங்களோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1970களில் ஐ.நா. உறுப்பு நாடுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பத் தொடங்கியது. இன்று வியன்னாவிலுள்ள ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் ஆண்டுதோறும் அதை அனுப்புகிறது. பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. காலியாக வந்த கட்டங்களும், வராமலே போன தாள்களும் ஏராளம்.

வந்த பதில்களையும் அப்படியே நம்பி ஒப்பிட முடியாது. ஸ்வீடனை எடுத்துக்கொள்வோம். பாலியல் வன்கொடுமையில் உலகிலேயே மோசமான நாடு அதுதான் என்று ஒரு பேச்சு அடிக்கடி கிளம்பும். கணவன் ஓராண்டு முழுக்கத் தன்னை வன்கொடுமை செய்தான் என்று ஒரு பெண் அங்கே புகார் கொடுத்தால், போலீஸ் ஒவ்வொரு சம்பவத்தையும் தனிக் குற்றமாகப் பதிகிறது. அது ஒரு புகார், நூற்றுக்கணக்கான எண்ணிக்கை. புகார் வந்த அன்றே அது கணக்கில் ஏறிவிடும். பின்னால் நிரூபணமாகாவிட்டாலும் இறங்காது. 2005இல் குற்றத்தின் வரையறையை விரித்தார்கள். 2018இல் சம்மதமில்லாத உறவு எல்லாமே வன்கொடுமை என்று சட்டமாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் எண் ஏறத்தான் செய்யும். பெண்ணின் சொல்லை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும் நாட்டுக்குக் கிடைத்த பட்டம் இது.

நம்முடைய முறை இதற்கு நேர் எதிர். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அதில் கொடியது எதுவோ அதை மட்டும் எண்ணுவது ஆவணக் காப்பகத்தின் விதி. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி, பின்னர் உயிரிழந்ததை நாடே அறியும். இந்த விதிப்படி அது கொலைக் கணக்கில் சேரும். பாலியல் வன்கொடுமைக் கணக்கில் சேராது. வன்கொடுமையுடன் கூடிய கொலை என்று பின்னாளில் தனித் தலைப்பு கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கொடுமையே ஒரு கணக்கில் காணாமல் போகுமென்றால், பெயர் வெளியே வராத மற்ற வழக்குகளின் கதி என்ன?

இங்கிலாந்தின் சிக்கல் வேறு வகை. கொலை நடந்த ஆண்டு அல்ல, போலீஸ் அதைக் கொலையென்று பதிந்த ஆண்டுதான் அங்கே கணக்கு. டாக்டர் ஹரோல்ட் ஷிப்மன் பல ஆண்டுகளாகத் தன் நோயாளிகளைக் கொன்றது விசாரணையில் வெளிவந்தபோது, 172 கொலைகள் 2002-03 என்ற ஒரே ஆண்டில் ஏறின. 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் இறந்த 96 பேர், 2017 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கில் சேர்ந்தார்கள். அவை சட்டவிரோத மரணங்கள் என்று தீர்ப்பு வர அத்தனை காலம் ஆயிற்று. இந்த விவரம் தெரியாமல் வரைபடத்தைப் பார்ப்பவர், அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் என்ன வெறியாட்டம் நடந்ததோ என்றுதான் நினைப்பார்.

இதற்கெல்லாம் ஒரு வழி 2015இல்தான் பிறந்தது. புள்ளியியல் தேவைக்கான குற்றங்களின் சர்வதேச வகைப்பாடு என்று அதற்குப் பெயர். வியன்னா அலுவலகமும் மெக்சிகோவின் தேசியப் புள்ளியியல் நிறுவனமும் பல நாட்டு நிபுணர்களோடு சேர்ந்து உருவாக்கியது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டப் பிரிவு எண்ணை விட்டுவிட்டு, என்ன செயல் நடந்தது என்று கேட்பதுதான் அதன் அடிப்படை. மேல்மட்டத்தில் பதினொரு பெரும் வகைகள், அவற்றின் கீழே கிளைகள். வேண்டுமென்றே செய்த கொலைக்கு 0101 என்று குறியீடு. அதில் என்னென்ன சேரும் என்ற பட்டியலில் வரதட்சணைக்காகக் கொல்வதும், ஆணவக் கொலையும், சிசுக்கொலையும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன. கொன்றவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு, என்ன ஆயுதம், எந்த இடம் என்பதையெல்லாம் கூடுதல் குறிப்பாகச் சேர்க்கலாம்.

அந்த உறவுக் குறிப்பின் அருமையை ஒரு கணக்கு காட்டும். உலகில் 2021இல் கொல்லப்பட்டவர்கள் சுமார் 4,58,000 பேர். பெரும்பாலோர் ஆண்கள். பெண்களை மட்டும் பிரித்து, உறவையும் சேர்த்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. 2023இல் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளுமாகிய 85,000 பேரில் 51,100 பேரைக் கொன்றவர்கள் கணவன், காதலன் அல்லது குடும்பத்தார். நாளொன்றுக்கு 140 பேர் என்று வியன்னா அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து சொல்லின. உறவைக் குறித்துவைத்த நாடுகளின் தரவு இல்லாமல் இந்த மதிப்பீட்டுக்கு வழியே இல்லை. பெண் என்பதாலேயே நடக்கும் கொலைகளை எப்படி எண்ணுவது என்பதற்குத் தனிச் சட்டகம் ஒன்றையும் 2022இல் புள்ளியியல் ஆணையம் ஏற்றது.

நமக்கு வேண்டியது ஒரு பொருத்த அட்டவணை: எங்கள் சட்டத்தின் இந்தப் பிரிவு, சர்வதேச வகைப்பாட்டில் இந்தக் குறியீடு. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கான 302ஆம் பிரிவு 103 ஆகிவிட்டது. பிரிவு எண்கள் அத்தனையும் மாறிய இந்த நேரத்தில் அப்படியோர் அட்டவணை ஆண்டறிக்கையோடு சேர்ந்தே அச்சாகி, எந்த வாசகரும் புரட்டிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். வரதட்சணை மரணங்களில் கொலை எத்தனை, தற்கொலை எத்தனை என்று பிரித்தும் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் ஆர்.டி.ஓ.வின் அறிக்கையும் வழக்குக் கட்டில் இருக்கும்போது அது முடியாத வேலையல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் காவல் நிலையத்தின் படியேறிய குற்றங்களைப் பற்றி. படியேறாதவை எத்தனை என்று அறிய, பல நாடுகளில் வீட்டு மக்களிடமே நேராகக் கேட்ட ஓர் ஆய்வு 1989இல் தொடங்கியது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)