வால் இல்லாத பெயருக்கு வயதாவதில்லை

பெண் குழந்தைக்கு எல்லோருக்கும் பிடித்த பெயராகவும் இருக்க வேண்டும், முப்பது வருஷம் கழித்துப் பழசாகவும் தெரியக் கூடாது. அப்படி ஒரு பெயரைத் தேடும் பெற்றோருக்காக...

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளிக்கூடமானாலும் சரி, பழைய வருகைப் பதிவேட்டில் மாணவிகளின் பெயர்களை மட்டும் வாசித்தாலே அது எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். முனியம்மாள், ராமாயி, தங்கம்மாள் என்று வரிசையாக வந்தால் அது சுதந்திரத்தை ஒட்டிய காலம். சரோஜா, வசந்தா, விஜயா என்றால் ஐம்பதுகளும் அறுபதுகளும். தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, கயல்விழி, மலர்விழி தலைகாட்டினால் திராவிட இயக்கம் கூடத்தைத் தாண்டித் தொட்டில்வரை வந்துவிட்டது என்று அர்த்தம். கவிதாவும் சங்கீதாவும் அதையடுத்து வந்தவர்கள். பிரியா, திவ்யா, ரம்யா, சரண்யா என்றால் சந்தேகமே இல்லை, தொண்ணூறுகள். இன்றைய எல்.கே.ஜி. வகுப்பிலோ யாழினியும் மகிழினியும் ஷன்விகாவும் தன்ஷிகாவும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்தனை பதிவேடுகளிலும் அங்கங்கே தென்பட்டுக்கொண்டே இருக்கும் பெயர்கள் சில உண்டு. மீனாட்சி, வள்ளி, லட்சுமி, மேரி, பாத்திமா. இவை எந்தக் காலத்திலும் அலையாக அடித்ததில்லை. எந்தக் காலத்திலும் காணாமல் போனதுமில்லை. பெற்றோர் தேடுவது இந்த இரண்டாம் வகையைத்தான். ஆனால் கைப்பேசியில் தேடும்போது வந்து விழுவது பெரும்பாலும் முதல் வகை.

காட்டிக்கொடுக்கும் வால்

முதல் வகைப் பெயர்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். அவற்றின் தலை அல்ல, வால்தான் வயதைச் சொல்கிறது. ‘-அம்மாள்’, ‘-ஆயி’ ஒரு தலைமுறை. ‘-செல்வி’, ‘-விழி’, ‘-மொழி’ ஒரு தலைமுறை. ‘-பிரியா’ ஒரு தலைமுறை. அப்புறம் ‘-ஸ்ரீ’ வந்தது. இப்போது ‘-இகா’வும் ‘-இனி’யும் கொடிகட்டிப் பறக்கின்றன.

வாலை எடுத்துவிட்டுப் பாருங்கள். வள்ளியம்மாள் என்றால் பாட்டி. வள்ளி என்றால் நேற்றுப் பிறந்த குழந்தையாகவும் இருக்கலாம். கயல்விழி எழுபதுகளின் மேடைத் தமிழை நினைவூட்டுகிறாள். கயல் இன்றைக்கும் பொருந்துகிறாள். மலர்விழி மலராகவும், அகிலாண்டேஸ்வரி அகிலாவாகவும், பொன்னம்மாள் பொன்னியாகவும் இறங்கி வந்து புதுசாகிவிட்டார்கள்.

வால் முளைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1916 வாக்கில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். அந்த வழியில் வந்தவர்களும், பின்னால் திராவிட இயக்கத்தாரும், சாதியையும் மதத்தையும் சொல்லாத பெயர்களைத் தேடித் தேடி வைத்தார்கள். பெயரைக் கேட்டதும் கொள்கை தெரிய வேண்டும் என்பதால் தேன்மொழியும் பொற்கொடியும் தமிழரசியும் பிறந்தார்கள். அந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். இன்றைக்கு வரும் ‘-இகா’வுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. கேட்க நாகரிகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

யாழினியும் மகிழினியும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள். வேர் பழசு, வடிவம் புதுசு. யாழும் மகிழ்ச்சியும் நம் மொழியில் இருக்கும்வரை பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே வகுப்பில் யாழினி, மகிழினி, இதழினி, ஆதினி என்று அடுக்கிவிட்டால், பிற்காலத்தில் இவையும் தேதி முத்திரை குத்திய பெயர்களாகத்தான் தெரியும்.

படத்துக்கு முன், படத்துக்குப் பின்

சினிமா வைத்த பெயர்கள் நம்மிடம் ஏராளம். 1990-இல் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ வந்தது. 1994-இல் ஐஸ்வர்யா ராய் உலக அழகியானார். 2011-இல் ‘தெய்வத்திருமகள்’ படத்தில் நிலா என்ற குட்டிப் பெண் வந்தாள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’, வானதியையும் பூங்குழலியையும் வீட்டுப் பெயர்களாக்கியது; 2022-இல் படம் வந்தபோது அந்தப் பெயர்களுக்கு இன்னொரு சுற்று மவுசு. ராஜராஜனின் தமக்கையான குந்தவை சரித்திரத்தில் வாழ்ந்தவள். பூங்குழலி கல்கியின் கற்பனை. ஆனாலும் குந்தவையை மெச்சுகிறவர்கள்கூட மகளுக்குப் பெயர் வைக்கும்போது வானதி, பூங்குழலி பக்கம்தான் சாய்கிறார்கள். செல்லமாகக் கூப்பிட நாக்கில் எது புரள்கிறதோ அதுதான் நிற்கிறது.

சினிமாவிலிருந்து பெயர் எடுப்பதில் தப்பில்லை. ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். இந்தப் படம் வருவதற்கு முன்னால் இந்தப் பெயர் இருந்ததா? நிலா இருந்தது. தாலாட்டிலும் சோறூட்டும் பாட்டிலும் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. அதனால் படத்தை மறந்தாலும் பெயர் நிற்கும். ஒரு நடிகைக்காகவே தமிழுக்குள் வந்த பெயராக இருந்தால், அந்த நடிகையின் மார்க்கெட்டோடு அதற்கும் வயதாகும்.

ஊர் கொடுத்த பெயர்கள்

நீடித்து நிற்கும் பெயர்களில் பெரும்பங்கு ஊரிலிருந்து வந்தவை. ஒரு காலத்தில் பெண்ணின் பெயரைக் கேட்டே ஊரைச் சொல்வார்கள். காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி என்றால் சங்கரன்கோவில் பக்கம். மீனாட்சி மதுரை, காமாட்சி காஞ்சிபுரம், அபிராமி திருக்கடையூர், உண்ணாமுலை திருவண்ணாமலை, செண்பகவல்லி கோவில்பட்டி, தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோவில். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் இசக்கியம்மாள் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. மகாபாரதத்தில் அத்தனை துன்பப்பட்ட திரௌபதியின் பெயரைப் பலர் பெண்ணுக்கு வைக்கத் தயங்குவார்கள். ஆனால் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கும் விழுப்புரம், கடலூர் பக்கத்து ஊர்களில் அது தெய்வத்தின் பெயர், தயக்கத்துக்கே இடமில்லை.

வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவால் ஆரோக்கியமேரிகளும், தூத்துக்குடி பனிமய மாதாவால் பனிமயமும் பிறந்தார்கள். பாத்திமா, நபிகள் நாயகத்தின் மகள் பெயர். 1917-இல் மாதா காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் போர்ச்சுகல் ஊரின் பெயரும் அதுவே. அதனால் ஒரே தெருவில் முஸ்லிம் வீட்டிலும் கிறிஸ்தவர் வீட்டிலும் பாத்திமாக்கள் இருக்கிறார்கள். மேரியும் மரியமும் ஒரே தாயின் பெயர். இப்படிப் பல வீடுகளில் புழங்கும் பெயருக்கு ஆயுசு கெட்டி.

காலம் கடந்து நிற்கும் பெயருக்கு, ஆண்டாளின் இயற்பெயர் என்று வழங்கும் கோதையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பெயர். 1901-இல் பிறந்து, நாவல்களாக எழுதிக் குவித்து, ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை.மு. கோதைநாயகிக்கு அது பொருந்தியது. நாயகி என்ற வால் இல்லாமல் இன்றைய குழந்தைக்கும் அப்படியே பொருந்தும். மணிமேகலையும் திலகவதியும்கூட அதே ரகம். ஔவைக்கு மட்டும் ஏனோ அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெயரைச் சொன்னதும் கோலூன்றிய கிழவி கண்ணில் நிற்பதால், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு வைக்க மனம் வருவதில்லை.

பாட்டி பெயரை வைப்பது நம் பழைய வழக்கம். மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால், பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ‘பாப்பா’, ‘அம்மாளு’ என்று இன்னொன்றுமாக வளர்ந்த பெண்கள் அநேகம். இப்போது அந்தத் தடை இல்லை. பாட்டியின் பெயரில் வாலை மட்டும் நீக்கி வைத்தால் குடும்பத்துக்கும் திருப்தி, குழந்தைக்கும் புதுப் பெயர்.

மகளிடம் சொல்ல ஒரு காரணம்

பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், ‘எனக்கு ஏன் இந்தப் பேர் வச்சீங்க?’ என்று மகள் ஒருநாள் கேட்பாள். பதில் சொல்ல முடியாத பெயர்களும் நம் ஊரில் இருந்தன. பெண்ணாகவே பிறக்கிறதே என்று ‘போதும்பொண்ணு’ என்று வைத்தார்கள். ‘வேண்டாம்’ என்றே வைத்த கிராமங்களும் உண்டு. அதே பதிவேட்டில் குப்பம்மாள், பிச்சையம்மாள் என்றும் இருக்கும். பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தோன்றும். ஆனால் குப்பம்மாள் பாசத்தில் வைத்த பெயர். முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இந்தக் குழந்தையாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து வைத்தது. ஒன்று பெண்ணை வெறுத்த பெயர், மற்றது எப்படியாவது அவளைக் காப்பாற்றத் துடித்த பெயர். ஆகவே பொருளைப் போலவே காரணமும் முக்கியம். ‘லிஸ்ட்டில் இருந்தது’ என்பது காரணமாகாது.

‘ங’வில் ஒரு பெயர் சொல்லுங்கள்

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவாதிரைக்கு கு, க, ங, ச என்றும், அஸ்தத்துக்கு பு, ஷ, ண, ட என்றும் பாதத்துக்கு ஓர் எழுத்தாகச் சொல்வார்கள். திருவாதிரை மூன்றாம் பாதத்தில் பிறந்த பெண்ணுக்கு ‘ங’வில் என்ன பெயர் வைப்பது? அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு ‘ண’வில்? தமிழில் அப்படித் தொடங்கும் பெயரே கிடையாது. முன்னோர் இதைச் சுலபமாகத் தீர்த்திருந்தார்கள். காதில் ஓதுவது ஒரு பெயர், கூப்பிடுவது ஒரு பெயர். எழுத்துக்காக மொழியை வளைத்து, யாருக்கும் பொருள் தெரியாத ஒன்றை உண்டாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எண் கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஓர் ‘ஏ’வையோ ‘எச்’சையோ கூட்டினால், ஆயுசுக்கும் கவுண்டர் கவுண்டராக நின்று ‘டபுள் ஏ’ என்று சொல்லப்போவது குழந்தைதான்.

கூப்பிட்டுப் பாருங்கள்

இரண்டு மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, மொட்டை மாடியிலிருந்து தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஒருமுறை உரக்கக் கூப்பிடுங்கள். வீட்டில் மூத்தவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஷன்விகா அவர்கள் வாயில் ‘சம்பிகா’ ஆகிறதா என்று பாருங்கள். இனிஷியலோடு சேர்த்து எழுதுங்கள். டாக்டர், நீதிபதி, ஊராட்சித் தலைவர் என்று முன்னால் போட்டும், பாட்டி என்று பின்னால் போட்டும் சொல்லிப் பாருங்கள். நிலா பாட்டி, வள்ளி பாட்டி, மீரா பாட்டி எல்லாம் இயல்பாகவே இருக்கின்றன. நாக்கு இடறும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

வகுப்பில் இன்னொரு நிலா இருந்துவிடுவாளோ என்று கவலைப்பட வேண்டாம். எம். நிலா, எஸ். நிலா என்று ஆசிரியர் பிரித்துக்கொள்வார். பலர் விரும்பி வைத்த பெயர் என்பது குறையே அல்ல.

ழகரம் உள்ள பெயரானால் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த எழுத்துக்கூட்டல் முன்பைவிட இப்போது முக்கியம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். அதில் உள்ள பெயர்தான் கடைசிவரை கூட வரும். பலர் அவசரப்படுவது 21 நாள் கெடுவை நினைத்துத்தான். அந்தக் கெடு பிறப்பைப் பதிவதற்கு. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை வழி உண்டு. ஆகவே தொட்டிலிடும் நாளில் அத்தை காதில் சொன்ன பெயரைச் சில வாரம் வீட்டில் கூப்பிட்டுப் பழகுங்கள். எல்லோர் வாயிலும் அது நின்ற பிறகு பதியுங்கள்.