வாவி மீனும் கலங்களின் வேலியும்



மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கின்றது. வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களில் வயற்புறத்து வெள்ளம் வந்து சேர, வாவியின் உவர்ப்பு பெரிதும் தணியும். கோடை முற்றியதும் உவர்ப்பு மீண்டும் ஏறும். ஓராண்டிற்குள்ளேயே இவ்வாறு தன்மை மாறும் நீரில் மீன்கள் எங்ஙனம் உயிர் வாழ்கின்றன? இவ்வினாவிற்கு விடை தேடின், மீனின் செவுளிலே கண்ணுக்குப் புலனாகாத ஒரு வேலியை நாம் காண்போம். அவ்வேலி அமையும் முறையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

கடல்நீர் ஓர் இலீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மீனின் குருதியிலோ அதில் மூன்றிலொரு பங்களவே உண்டு. எனவே நன்னீரில் மீனின் உடலிலுள்ள உப்பு வெளியே கசியவும், நீர் உள்ளே புகவும் முயலும். கடல்நீரிலோ உப்பு உட்புக முயலும்; உடல் நீரை இழக்கும். செவுள் மூச்சுவிடும் உறுப்பாதலின், அங்கே குருதியையும் புறநீரையும் பிரிப்பது மிக மெல்லிய தோல் ஒன்றே. இத்தகைய போர்வைத் தோலை மேலணி இழையம் என்பர்.

மேலணி என்பது கலங்கள், அதாவது உயிரணுக்கள், ஒன்றோடொன்று நெருங்கி அமைந்த பரப்பாகும். ஒவ்வொரு கலத்தையும் மென்சவ்வு காக்கின்றது. ஆயின் கலத்திற்கும் கலத்திற்கும் நடுவேயுள்ள இடுக்கை அடைப்பது யாது? 1963ஆம் ஆண்டில் மரிலின் ஃபார்குவார், ஜோர்ஜ் பலாடே என்னும் இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால் இதனை விளக்கினர். இடுக்கின் மேல்விளிம்பில் இறுக்கச் சந்தியும், அதன்கீழ்ப் பற்றுச் சந்தியும், அதற்கும் கீழே டெஸ்மோசோம் என்னும் பொத்தான் போன்ற பிணைப்பும் இருக்கக் கண்டனர்.

நம் வளவுகளின் கிடுகு வேலியை எண்ணிப் பாருங்கள். வெளியே தெரிவது கிடுகு. ஆயினும் காற்றுக்கும் மழைக்கும் வேலி சாயாது நிற்பது கதியாலும் வரிச்சும் தாங்குவதனாலேயாம். கலத்தினுள்ளும் இத்தகைய சட்டகம் உண்டு. அதனைக் குழியவன்கூடு என்பர். அதன் உறுப்புகளுள் ஒன்றான அக்டின் என்னும் புரத இழையின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஏழு கூறளவே. இவ்விழைகள் தேவைக்கேற்ப வளரும், குறுகும், இழுக்கும்.

இரு கலங்கள் அணுகும்போது, உள்ளே வளரும் அக்டின் இழைகள் மென்சவ்வை விரல்கள் போல வெளித்தள்ளுகின்றன. விரல்கள் தொடுமிடத்தில், ஜப்பானிய அறிஞர் மசத்தோஷி டக்கெய்ச்சி 1984இல் கதெரின் எனப் பெயரிட்ட புரதங்கள் கல்சியத்தின் துணையோடு கைகோக்கின்றன. கதெரினின் உள்முனையைக் கதெனின் என்னும் புரதங்கள் அக்டினோடு பிணைக்கின்றன. அக்டின் இழுக்கும்போது ஒருவகைக் கதெனின் விரிந்து, மேலும் பல பிணைப்புகளுக்கு இடமளிக்கின்றது. கயிற்று முடிச்சு இழுக்க இழுக்க இறுகுவது போன்றது இது. பின்னர் அக்டின் இழைகள் கலத்தைச் சுற்றி ஓர் அரைக்கச்சைபோல் அமைகின்றன.

அக்கச்சைக்கு மேலேதான் இறுக்கச் சந்தி உருவாகின்றது. அதன் தையல்களாக விளங்கும் குளோடின் புரதங்களை ஷோய்ச்சிரோ சுக்கிட்டா, மிக்கியோ ஃபுருசே முதலியோர் 1998இல் கண்டறிந்தனர். மூடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் அது. இத்தையல்களையும் வேறு சில புரதங்கள் உள்ளிருந்து அக்டினோடு கட்டுகின்றன.

கட்டுகள் யாவும் உள்ளிருந்து ஆளப்படுவதால், இவ்வேலியை மாற்றியமைத்தல் கூடும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா நன்னீரிலும் உவர்நீரிலும் வாழவல்லது. நன்னீரில் அதன் செவுள் சில குளோடின் வகைகளை மிகுதியாக ஆக்குகின்றது. சந்திகள் ஆழமாக மூடி உப்பைக் காக்கின்றன. கடல்நீரிலோ உப்பை வெளியேற்றும் கலங்களின் அருகே மட்டும் சந்திகள் ஆழங்குறைந்து, சோடியம் வெளியேற வழிவிடுகின்றன. பருவத்திற்கேற்பத் திறந்தும் மூடியும் கிடக்கும் முகத்துவாரத்தையே இது நினைவூட்டுகின்றது.

மனித உடலின் தோலையும் குடலையும் காப்பதும் இத்தகைய வேலியே. பெம்பிகஸ் என்னும் நோயில், உடலின் எதிர்ப்புப்பொருள்கள் டெஸ்மோசோமின் புரதங்களைத் தவறாகத் தாக்குகின்றன. கலத்தினுள்ளே கெரற்றின் இழைகள் இருந்தும், அவற்றை அயற்கலத்தோடு சேர்க்கும் பிணைப்பு அறுகின்றது. தோல் கொப்புளித்து உரிகின்றது. 1950களில் ஸ்டீரொயிட் மருந்துகள் வருமுன், இந்நோய் கண்டோர் பிழைத்தல் அரிதாயிருந்தது. கலங்கள் வலிமையோடு இருந்தால் மட்டும் போதாது. அவற்றை அயலோடு சேர்க்கும் கட்டும் நிலைத்தல் வேண்டும். வாவி மீனுக்கும் நமக்கும் உயிர்க்காப்பு அதுவேயாகும்.