நல்லூர் அரசிருக்கையின் எச்சங்கள்

ஓர் அரசு அழிந்துபட்ட பின்னர் அதனை நினைவூட்டி நிற்பன இரண்டு. ஒன்று கல், மற்றொன்று சொல். இணுவிலுக்குத் தென்கிழக்கேயுள்ள நல்லூருக்கு மாணாக்கரை அழைத்துச் சென்ற ஞான்று, சங்கிலியன் தோப்பு வாயிலின் முன்னே ஒரு மாணவன், “ஐயா, சங்கிலி மன்னன் இவ்வாயிலாலேயா போய்வந்தான்?” என வினாவினான். பல்லாண்டாக “ஆம்” என்றே கூறிவந்த யான் அன்று விடையிறுக்கத் தயங்கினேன். அத்தயக்கத்தின் காரணத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்லூர் ஆரியச் சக்கரவர்த்திகளின் இராசதானியாய் விளங்கியது. 1450ஆம் ஆண்டளவிற் கோட்டை அரசின் படைத்தலைவனாகிய செண்பகப்பெருமாள் அதனைக் கைப்பற்றினான். 1467இற் கனகசூரியன் மீண்டும் அரசெய்தினான். 1560இற் போத்துக்கேயப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா படையெடுத்து வந்து நகரைக் கைக்கொண்டான். 1591இல் மீண்டும் ஒரு படையெடுப்பு நிகழ்ந்தது. ஈற்றில், 1619இற் பிலிப் த ஒலிவேறா சங்கிலி குமாரனைச் சிறைப்பிடிக்க, தமிழரசு வீழ்ந்தது. 1621இற் கந்தசுவாமி கோயிலும் தகர்க்கப்பட்டது. அதன் பின்னர் ஆட்சி கடற்கரைப் பட்டினத்துக்கு மாறவே, நல்லூர் தன் பெருமை குன்றியது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று.

இனி, எஞ்சியவற்றை நோக்குவாம். சங்கிலியன் தோப்பில் நிற்கும் வளைவு வாயில் அரண்மனை வாயிலெனவும், மரவேலைப்பாடு மிக்க மந்திரிமனை அமைச்சரின் இல்லமெனவும் மக்களாற் கூறப்படுகின்றன. ஆயின், அவற்றின் வளைவுகளும் முகப்பும் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடமுறையின் சாயலையே காட்டுகின்றன. ஆதலின், இன்று நாம் காணும் உருவில் அவை மன்னர் காலத்தன அல்ல என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. பழைய மனை நின்ற நிலத்திற் பிற்காலத்தவர் எழுப்பினர் எனக் கொள்ளுதல் பொருந்தும். ‘ப’ வடிவில் அமைந்த யமுனா ஏரியோ மன்னர் காலத்து நீர்நிலையென வழிவழியாகப் போற்றப்படுவது. யமுனை நதியின் நீரைக் கொணர்ந்து இதிற் கலந்தமையாலே இப்பெயர் எய்திற்று என்பர்.

அயர்லாந்துத் தேசத்திலே, நல்லூர் மன்னர் ஆண்ட அதே நூற்றாண்டுகளிற் குலத்தலைவர்கள் கட்டிய கோபுரவீடுகள் பல இன்றும் கூரையிழந்து நிற்கின்றன. அவர்தம் ஆட்சி அந்நியராற் குலைந்ததாயினும், தடித்த கற்சுவர்கள் நிலைத்தன. நமக்கோ அக்கொடுப்பினை வாய்க்கவில்லை. இடித்த கோயில்களின் கற்கள் கோட்டை கட்டுதற்குக் கொண்டுபோகப்பட்டன என்பது இங்கு வழங்கும் செய்தி.

கல் அழிந்தவிடத்துச் சொல் நின்றது. நல்லூர் மன்னர் பரராசசேகரன், செகராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிப் புனைந்தனர். அவ்விரு பெயர்களும் எம் இணுவிலில் இரு பிள்ளையார் கோயில்களின் பெயர்களாக இன்றும் வழங்குகின்றன. நல்லூரிற் பண்டாரக்குளம், சங்கிலித்தோப்பு என்பனவும் அத்தகையனவே. 1736ஆம் ஆண்டளவில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, நகரின் நாற்றிசையிலும் காவற் கோயில்கள் அமைந்தமையைக் கூறும். வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி என நின்ற அக்கோயில்கள் அழிக்கப்பட்டுப் பின்னர் மீள எழுந்தன. கட்டடம் புதிதாயினும், அவை நகரின் பழைய எல்லையை இன்றும் உணர்த்துகின்றன.

அவ்வாறாயின், வாயிலும் மந்திரிமனையும் பேணத் தகாதனவோ? அற்றன்று. மன்னர் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னரும், அவர் பெயரை மக்கள் அவ்விடத்தினின்று நீக்கவில்லை என்பதற்கு அவையே சான்று. ஆனால், மந்திரிமனையின் சுவர்களோ சிதைந்து வருகின்றன. அதனைக் காத்தல் நம் கடன். அதன் காலத்தை உள்ளவாறு உரைத்தலும் நம் கடனே. பொய்யான பழைமை சாற்றிக் காக்கப்படும் சின்னம், ஆராய்ச்சி முன்னேறுங்கால் மதிப்பிழந்து கைவிடப்படும்.

ஆகவே, அம்மாணவனுக்கு யான் கூறிய விடை இது: “தம்பி, இவ்வாயிலால் மன்னன் போனான் எனக் கூற இயலாது, அவன் வாழ்ந்த நிலம் இதுவென நம் முன்னோர் மறவாது காட்டிய இடம் இது.” அவன் சிறிது நேரம் அவ்வளைவை அண்ணாந்து நோக்கிய பின்னர், தன் குறிப்பேட்டில் அதனை எழுதிக்கொண்டான்.